அக்கா பார்த்துச் சொன்ன வெள்ளிக்காசு

அக்காவைச் சாந்தமானவர், எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தவர் என்று எழுதும்படி உறவினர் பலர் என்னிடம் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். அக்கா அன்பானவர்தான், ஆனால் கண்ணால் கண்டதை யாருக்காகவும் மாற்றிச் சொன்னவர் அல்லர். இந்த நினைவு மலரில் நான் பொய் எழுதினால் அவரே எழுந்து வந்து திருத்துவார்.

அக்கா பிறந்தது மஹய்யாவையில். மார்க்கட்டில் மூட்டை தூக்கிய அப்பா காலமானபோது அக்கா பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தானும் படித்தார், என்னையும் படிக்க வைத்தார். நான் தேறாமல் பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை போட்டது அவர் குற்றமில்லை. வரலாற்றில் பட்டம் பெற்ற அக்கா பழங்காசுகளை ஆராயும் பணியில் சேர்ந்தார். ஒரு அரசன் வெளியிட்ட காசின் மேல், பின்னால் வந்த இன்னொருவர் தன் அடையாளத்தைக் குத்துவதை மறுமுத்திரை என்பார்கள். உரோமக் காசுகளில் அவற்றை இனங்காண்பதில் அக்காவுக்கு நல்ல பெயர். வெளிநாட்டிலிருந்தும் படம் அனுப்பிக் கேட்பார்கள்.

எங்கள் அம்மாவின் கழுத்திலும் ஓர் உரோம வெள்ளிக்காசு உண்டு. தாத்தா இராமநாதபுரத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது மடியில் முடிந்து கொண்டு வந்தது. அதிலுள்ள அரசனின் கன்னத்தில் ஒரு சிலுவைக் குறி. அயலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அந்தக் காசை நெற்றியில் வைத்துச் செபிப்பார். அது ஆதிக் கிறிஸ்தவர்கள் குத்திய முத்திரையாக இருக்கலாம் என்று பங்குச் சாமியார் நினைத்தார். திருவிழாவில் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், அக்கா அதை உறுதிசெய்து இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்றார். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், புதுச் சேலையும் எடுத்துவிட்டார். அதுவரை கழற்றாத காசை அன்றுதான் கழற்றி அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். முத்திரையை ஒரே அடியில் குத்தினால் காசின் பின்பக்கம் நசுங்கியிருக்குமாம். கோடுகள் ஒரே ஆழத்தில் இருக்குமாம். இதில் பின்பக்கம் நசுங்கவே இல்லை. ஒரு கோடு தேய்ந்து போயிருந்தது, அதன் குறுக்கே மற்றது கூராக ஓடியது.

சாமியார் பக்கத்தில் இருக்கும்போதே அக்கா சொல்லிவிட்டார். "இது சிலுவை இல்லம்மா. உள்ள வெள்ளியா செம்பான்னு ரெண்டு யாவாரிங்க வெவ்வேற காலத்துல வெட்டிப் பாத்திருக்காங்க."

சாமியார் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். நான்தான் சண்டைக்குப் போனேன். அம்மாவின் ஆசைக்கு எழுதிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "பேசாம இருக்கச் சொன்னா இருப்பேன் தம்பி. எழுதத்தான் முடியாது" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. அக்காவை நினைத்து வந்த பெருமையும்தான்.

அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தேத்தண்ணி வேண்டுமா என்பதைக்கூட என் மனைவியை விட்டுத்தான் கேட்டார். அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் அந்த வீம்பு போகவில்லை. இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அம்மா திடீரென்று கேட்டார்.

"அந்த யாவாரிங்க வெட்டிப் பாத்தப்ப உள்ள என்ன இருந்துச்சு?"

"ரெண்டு தடவயும் வெள்ளிதாம்மா."

"ஒன்னையும்தான் ரெண்டு தடவ வெட்டிப் பாத்துட்டாங்க" என்று அம்மா போர்வையை இழுத்துவிட்டார்.

தையல் வலிக்க வலிக்க அக்கா சிரித்தார். நான் வெளியே போய் அழுதேன். அதற்குப் பிறகு அக்கா அதிக காலம் இருக்கவில்லை. இருந்த நாளெல்லாம் அம்மாவும் அவரும் ஓயாமல் பேசினார்கள்.

வார்ட்டில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் த்ரீவீலரோடு வந்து நின்ற பக்கத்து வீட்டு நானாவுக்கும், அக்காவோடு பணிபுரிந்தவர்களுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் ஒரு பெண் காய்ச்சல் பிள்ளையோடு வந்து, சிலுவைக் காசை வைத்துச் செபிக்கும்படி அம்மாவைக் கேட்டார். அம்மா காசைச் சேலைக்குள் தள்ளிவிட்டு, வெறுங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார்.

"அது சிலுவை இல்லம்மா. எங்க மக பாத்துச் சொல்லிருச்சு."