சம்பந்தியின் சட்டைப்பை கேமரா

கூலிக்கு நெய்தவன் நான். சொந்தத் தறி, ஆரணியில் கடை, மாடி வீடு எல்லாம் நானே உண்டாக்கியவை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவும் வாங்கினேன், பழையதுதான்.

பச்சையும் நீலமும் மாறி மின்னும் மயில்கழுத்துப் பட்டுச் சேலையை அதில் ஃபிளாஷ் போட்டு எடுத்துச் சென்னை வியாபாரிக்கு அனுப்பினேன். படத்தில் பச்சையே காணோம். "வெறும் நீலம் வேணாங்க" என்றுவிட்டார்.

அப்போது கடைக்கு வந்திருந்த சம்பந்தி தன் சட்டைப்பையிலிருந்து புதிய சின்ன கேமராவை எடுத்தார். "இத்த எதுக்கு தூக்கிகினு அலையிறீங்க சம்பந்தி? நம்மளுது அடக்கமா இருக்குது பாருங்க."

வயிறு எரிந்தது. ஆனாலும் ஃபிளாஷை அணைக்கச் சொல்லி, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல் சேலையை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அவர் எடுத்த படத்தில் இரண்டு நிறங்களும் விழுந்தன. அதை அனுப்பியதும் ஆர்டர் கிடைத்தது.

இப்போது என் கேமராவிலும் அப்படித்தான் எடுக்கிறேன். ஜரிகை இன்னும் தெளிவு. சம்பந்தியோ ஊரெல்லாம் தன் கேமராவைப் புகழ்கிறார். சேலையைப் பிடித்தது யார் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.