வேப்பெண்ணெய் பூசிய குட்டி

கவரைப்பேட்டையில் ரயில் பாதையைத் தாண்டி, கம்பெனிகளின் பின்மதில் முடிகிற இடத்தில் பன்றிக்கார சாராள் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டுவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே மூக்குகள் கறி வாங்க அவள் வாசலில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் என்பது வேறு விஷயம்.

புருஷன் ஜெரால்டுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. கேன்டீனில் மிஞ்சும் சோற்றை டிரம்மில் கட்டி வண்டியில் கொண்டுவருவான். சாராள் அதை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுவாள். கல்யாணமாகி ஆரணியிலிருந்து வந்த புதிதில் அவளுக்குப் பன்றி என்றாலே அருவருப்பு. தாய் நசுக்கிப் போட்ட குட்டியொன்றைக் காப்பாற்றப் போனாள், அருவருப்பு போன இடம் தெரியவில்லை.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு தாய்க்குப் பால் போதவில்லை என்றால் நோஞ்சான் குட்டியைத் தூக்கி இன்னொரு தாயிடம் விடுவாள். பன்றி லேசில் அடுத்தவள் குட்டியைச் சேர்க்காது. மோந்து பார்த்துக் கடித்துவிடும். சாராள் வந்த குட்டிக்கும் இருக்கிற குட்டிகளுக்கும் வேப்பெண்ணெய் பூசி, தாயின் மூக்கிலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவாள். எல்லாம் ஒரே வாசனை, அப்புறம் எது யார் குட்டி?

"சாராளு ஊட்டுப் பன்னிக்கு ஆத்தா யாரு, புள்ள யாருன்னு கர்த்தருக்கே தெரியாது" என்று ஜெரால்ட் கிண்டலடிப்பான். அவளுக்குப் பெருமை தாங்காது. பால் இல்லாமல் தன் கொட்டகையில் ஒரு குட்டியும் செத்ததில்லை என்பாள்.

இந்த வருஷம் மழை முடிந்ததும் ஆந்திரா பக்கமிருந்து வாட்டசாட்டமாக ஓர் ஆண் பன்றி வாங்கிவந்தார்கள். வந்ததும் கொஞ்சம் தும்மியது, தீனி எடுக்கவில்லை, பிறகு தேறிவிட்டது. அதற்கப்புறம் சினைப் பன்றிகள் ஒவ்வொன்றாகக் குறைமாதத்தில் போட்டன. உயிரோடு பிறந்ததுகளும் தள்ளாடின, காதோரம் நீலம் பாரித்தது. சாராள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். நோஞ்சான்களுக்கு எண்ணெய் பூசி, நன்றாயிருந்த தாய்களிடம் விட்டாள். அந்தத் தாய்களின் கொழுகொழு குட்டிகளும் படுத்தன. அவற்றில் பிழைத்ததைத் தூக்கி அடுத்த தாயிடம் விட்டாள்.

பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறோமே, அப்புறம் ஏன் சாகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கால்நடை டாக்டர் இளமதி ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தாள். முடிவு வந்ததும் நேரிலேயே வந்தாள்.

"அக்கா, இது ஒரு வைரஸ். உடம்புல கிருமியைப் பிடிச்சு அழிக்கிற அணுக்கள் இருக்குல்ல, அதுக்குள்ளயே புகுந்து அதைத்தான் முதல்ல கொல்லுது. அப்புறம் சும்மா வர்ற சளி கூட நிமோனியா ஆயிடும். உடம்பு அப்படி இருக்கறப்போ போட்ட ஊசியும் சரியாப் பிடிக்காது."

"வாட்ச்மேன அட்ச்சுப் போட்டுட்டு உள்ள பூருதுன்றீங்க" என்றான் ஜெரால்ட்.

"அதேதான்ணே."

"சரி டாக்டரம்மா, ஒரு தடுப்புலேர்ந்து இன்னொரு தடுப்புக்கு எப்டி போச்சு? நடுவுல செவுரு கீதே?" என்று சாராள் கேட்டாள்.

இளமதி சுவரைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த வேப்பெண்ணெய் பாட்டிலைப் பார்த்தாள். "குட்டியை மாத்தி மாத்தி விட்டீங்களேக்கா" என்றாள் மெதுவாக.

"நானா தூக்கினு போய்க் குட்த்தேன்?"

சாராள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் தூக்கிப்போன கை அவளுடையதுதானே.

நோய் தொடாமல் மிஞ்சியது மகராசி ஒன்றுதான். எந்தக் குட்டி வந்தாலும் முறைக்காமல் பால் கொடுக்கிற தாய் என்பதால் அந்தப் பெயர். புது ஆண் பன்றி வருவதற்கு முன்பே சினைப்பட்டு, வேலிக்கு அப்பால் தனிக் கொட்டகையில் கிடந்ததால் தப்பித்து, இப்போது நல்ல குட்டிகளாகப் போட்டிருந்தது. அங்கே ஒரு குட்டியும் போகக்கூடாது, நோய்ப்பட்டதைத் தொடுகிற சாராளும் போகக்கூடாது என்று இளமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகராசியை ஜெரால்ட் பார்த்துக்கொண்டான்.

கடைசியில் நோய்க் கொட்டகையில் ஒரே ஒரு குட்டி மிஞ்சியது, தாயும் போய்விட்டது. அன்று காலை சாராள் அதை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டினாள். இறங்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து மகராசி, பாலுக்குக் குட்டிகளைக் கூப்பிடும் குரலில் உறுமியது. மடியில் கிடந்தது தலையைத் தூக்கிப் பார்த்தது.

தள்ளி நின்ற ஜெரால்டுக்கே பொறுக்கவில்லை. "கூப்புடுது பாரு மே. ஒரே ஒரு குட்டி. அத்த வுட்டா இன்னா ஆய்டும்?"

அப்போதுதான் சாராள் குனிந்து பார்த்தாள். குட்டி தலையிலிருந்து வால் வரை வேப்பெண்ணெயில் மின்னியது. எப்போது பாட்டிலை எடுத்தாள், எப்போது பூசினாள், அவளுக்கே தெரியவில்லை.

"ஒரே ஒரு குட்டின்னுதான்யா ஒவ்வொண்ணையும் தூக்கினு போனேன்" என்றாள்.

குட்டி அவள் விரலைச் சப்பியது. வெயில் ஏறும்வரை சப்பிக்கொண்டே இருந்துவிட்டு, அடங்கிப்போனது.

குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு அவள் நிமிர்ந்தபோது காற்று வேலிப் பக்கம் அடித்தது. வேப்பெண்ணெய் வாசனை பட்டதும் மகராசி எழுந்து வேலியோரம் வந்து, ஒருக்களித்துப் படுத்து, மடியைக் காட்டியபடி மறுபடியும் கூப்பிட்டது. புதுக் குட்டி வருகிறது என்று நினைத்திருக்கும். சாராள் கையை நைட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், வாசனை போகவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.