படலைக்கு விடாத எண்ணெய்

நெடுந்தீவில் படிப்பித்த காலத்தில் எனக்கு அறை தந்த அக்காவின் தலையில் ஒரு நரைமயிர் கிடையாது. கடலுக்குப் போன புருசனின் வள்ளம் மட்டும் திரும்பி வந்து வருசங்களாகியும் அவர் பொட்டை அழிக்கவில்லை.

வெள்ளிதோறும் தேங்காயெண்ணெயில் செவ்வரத்தம்பூவும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சுவார். தன் தலைக்கும், முந்தி புருசனின் தலைக்கும், கதிரை அலுமாரி மினுக்கவும், கதவுப் பிணைச்சல்களுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான். வீட்டில் எந்தக் கதவும் முனகாது. முன்பக்கத்து வேலி வாசலின் இரும்புப் படலை மட்டும் கிறீச்சிடும்.

“படலைக்கும் கொஞ்சம் விடுங்கோவன் அக்கா” என்றேன்.

“வேண்டாம் மாஸ்டர். அவர் வாற சத்தம் எனக்குக் கேக்க வேணும்.”

“அப்ப கதவுகளுக்கு?”

“போகேக்கை பின்கதவாலைதான் கடலுக்குப் போவார். அந்தச் சத்தம் கேக்கக்கூடாது.”

ஒருநாள் மத்தியானம், காற்றே இல்லாத நேரம், படலை கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். ஆளில்லை, கொளுக்கி போட்டபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணெய் மணம் என்னைக் கடந்து பின்பக்கம் போனது.

குசினிக்குள் அடுப்படியில் இருந்து அக்கா மெல்லக் கேட்டார்: “மாஸ்டர், அவர் போயிட்டாரோ?”

“இல்லை அக்கா, இருக்கிறார்” என்றேன்.

பின்கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்தது. நான் சொன்னது பொய்யா மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.