பிராசிக்யூட்டோரியல் என்று ஒரு வார்த்தை

திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கிய கர்வத்தோடுதான், யுத்த காலத்தில் விழுப்புரத்து வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அந்தக் கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கெடார் கிராமத்துக் கூலிக்காரன் ஒருவன் மேல் மல்லாட்டைத் திருட்டு வழக்கு; மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அறுவடை முடிந்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போன காயைக் கிளறிப் பொறுக்குவது ஏழைகளுக்கு ஊரே விட்டுக்கொடுத்த வழக்கம். அந்த வருஷம் கொல்லைக்காரர் திருட்டு என்று பிராது கொடுத்துவிட்டார். கூலிக்காரனின் பெண்சாதி கைக்குழந்தையோடு போய், சர்க்கார் தரப்பில் வழக்கு நடத்தும் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள். அவர் மனசு இளகி, "உங்க வக்கீல கோர்ட்டுல ஒரு மனு போடச் சொல்லும்மா. வாபஸ் வாங்கிடறேன்" என்றார்.

வக்கீல் கடலூர் போயிருந்தார். மனுவை நானே எழுதினேன். ஏழை, தயவு செய்யுங்கள் என்று நாலு வரி போதும். நானோ வக்கீலின் தீர்ப்புப் புத்தகங்களில் பொறுக்கிய பிராசிக்யூட்டோரியல் என்ற வார்த்தையை எங்கேயாவது செருகத் துடித்துக்கொண்டிருந்தேன். அகராதியில் ஒரே வரி: வழக்குத் தொடுப்பவரைச் சார்ந்த. பரம சாது. இந்த வழக்கு பிராசிக்யூட்டோரியல் உற்சாகத்தால் விளைந்தது என்று எழுதி, இரண்டு முறை படித்து ரசித்தேன்.

மாஜிஸ்திரேட் மனுவை வாங்கி முத்திரை போட்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். படித்தவரின் முகம் கறுத்தது. "என் மேலயே குத்தமா? வாபஸ் கிடையாது." ஒரு மாசம் தண்டனை ஆயிற்று.

மறுநாள் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "அகராதியப் பாத்தியே, ஜட்ஜுங்க அத எங்க எழுதறாங்கன்னு பாத்தியாய்யா? அத்துமீறினவன கண்டிக்கறப்பதான்யா அந்த வார்த்தையே வரும்!" உண்மைதான். நான் படித்த இடங்களிலெல்லாம் அப்படித்தான் வந்திருந்தது. படித்தேன், பார்க்கவில்லை. முட்டாள்.

ஆனால் என்னைக் கொன்றது அவர் திட்டு அல்ல. தீர்ப்பான அன்றே, போலீஸார் புருஷனை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அவள் என்னிடம் வந்து நின்றாள். கோபமே இல்லை.

"அய்யா, ஒரு வார்த்தையாலதான் கோவிச்சுக்கினாராமே. அத்த மட்டும் அடிச்சிட்டுக் குடுங்க. நான் மறுபடியும் அவரு கால்ல உழுறேன்."

முத்திரை விழுந்த காகிதத்தில் யாரும் கைவைக்க முடியாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.