மூன்றாம் மாடி கேமராக் கடை

பேய், ஆவி என்று யாராவது பேச வந்தால் எழுந்து போகச் சொல்கிறவள் நான். வல்லம் வடகாலில் கம்பெனிப் பையன்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து வந்த திருநெல்வேலிப் பையன் ஒருத்தன், மாடிப்படியில் யாரோ நிற்கிறார்கள் என்றான். “உன் தூக்கந்தான்டா நிக்குது, போய்ப் படு” என்றேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் என்னை ஏமாற்றிவிட முடியாது. அப்படிப்பட்ட எனக்கு நடந்ததால் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் ஒரே மகன் ஜோசப்பை ஒரகடம் கம்பெனியிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவன் போனது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. போனில்கூடப் பேச மாட்டார். அவன் அங்கிருந்து அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கவர் பிரிக்காமல் பீரோவில் போட்டுவிட்டார். ஒரு காலையில் அவருக்குப் பேச்சு நின்றது, சாயங்காலம் மூச்சு நின்றது. அடக்கத்துக்குள் ஜோசப்பால் வந்து சேர முடியவில்லை. பெட்டியில் வைக்கப் புதுச்சட்டை வேண்டுமே, அந்த நேரத்தில் கடைக்கு யார் ஓடுவது, அந்த நீலச் சட்டையையே நான் போட்டுவிட்டேன். சட்டைக் கை இரண்டையும் மணிக்கட்டுவரை இழுத்துப் பட்டன் போட்டு, விரலில் ஜெபமாலையைச் சுற்றினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதற்கப்புறம் போன் போட்டால் ஜோசப்புக்கு ஒரே கேள்விதான். “நைனா என் மேல கோவமாவே பூட்டாராம்மா?”

“வாயே தெறக்கலியேடா, எனக்கு இன்னா தெரியும்?” என்பேன்.

அப்புறம் என்னையே அங்கே வரவழைத்துக்கொண்டான். லீவு நாளில் அவனுக்குப் பழைய கேமரா விற்கிற கடையாக ஏறி இறங்குவதுதான் வேலை. எதையும் வாங்கவும் மாட்டான்.

“ஏன்டா, போன்லயே கேமரா கீதே, இந்த இரும்பெல்லாம் இன்னாத்துக்கு?”

“சும்மா பாக்கறதுதாம்மா. பாக்கறதுக்கா காசு கேக்கறாங்க?”

“வாங்காம இம்மா நேரம் நின்னா நம்ம படப்பையில தொடப்பத்தால அடிப்பான்.”

நான் போனதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

அன்று மூன்றாவது மாடியில் ஒரு கடை. ஒரு ஆள் ஏறுகிற அகலத்துக்குத்தான் படி. நல்ல வெயில் நேரம், உள்ளே வேறு யாரும் இல்லை. கடைக்காரர் என்னைவிட வயதானவர், ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். சும்மா இருக்கிறேனே என்று ஒரு பெட்டிக் கேமராவை என் மடியில் வைத்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்கச் சொல்லிக் கை காட்டினார். உள்ளே பிஸ்கட் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் கடை தெரிந்தது. ஜோசப் அலமாரி மேல் குனிந்து நிற்கிறான். அவன் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அவரும் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் கவரின் மடிப்புக்கூடக் கலையவில்லை. நிமிர்ந்தேன், ஜோசப் மட்டும். குனிந்தேன், இரண்டு பேர். பயம் வரவில்லை, வேறு ஒன்றும்கூட வரவில்லை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் கை இரண்டும் முழங்கைக்கு மேலே மடித்து விட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது எந்தச் சட்டை போட்டாலும் அவர் அப்படித்தான் மடிப்பார்.

“ஜோசப்பு, அங்கியே நில்லு. உங்க நைனா உன் பக்கத்துல நிக்கறாரு. நீ அனுப்பன சட்டையில.”

அவன் திரும்பவில்லை. “அது நீ போட்டு வுட்டதுதானேம்மா.”

“நான் பட்டன் போட்டு வுட்டேன். அவரு கைய மடிச்சி வுட்டுக்கினு நிக்கறாரு.”

அலமாரிக் கண்ணாடியில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. “கோவமா கீறாரா?”

“கேமராவப் பாத்துக்கினு கீறாரு.”

அதற்குள் கடைக்காரர் வந்து, மெதுவாக மூடியைச் சாத்தி, கேமராவை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

கிளம்பினோம். அந்த ஊரில் வாசல்வரை வந்து குனிந்து வணங்கி அனுப்புவார்கள். கடைக்காரர் ஜோசப்புக்கு ஒரு தடவை குனிந்தார், எனக்கு ஒரு தடவை. நாங்கள் வெளியே வந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, எங்களுக்குக் குனிந்ததைவிடத் தாழ, இன்னொரு தடவை குனிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜோசப்பும் பார்த்தான். கீழே தெருக்கதவை நான் தாண்டி வந்த பிறகும் ஜோசப் அதைப் பிடித்தபடியே நின்றான். “வுடுடா” என்று நானும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை அவன் பிறகு கேட்டதில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு போகிறேன், அவர் கல்லறையைக் கழுவி விடுகிறேன், ஜெபம் சொல்கிறேன். ஆள் வெளியே போயிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.