கப்சிப்புக்கு ஒரு ஊர்

என் மச்சினிக்குக் கப்சிப் என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கினாள். வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. காலையில் நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். நான் அலறுவேன், அவள் வழி விடுவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

மூக்குக்கண்ணாடி தயாரிக்கும் ஒரு பெரிய கூடத்தில் அவளுக்கு வேலை. லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு உரசியெடுத்துப் பொருத்த வேண்டும். ஜன்னல் கிடையாது. இயந்திரம் ஓயாமல் கீச்சிடும். "இன்னுமா முடியல?" என்பதைத் தவிர மேற்பார்வையாளருக்கு வேறு வார்த்தை தெரியாது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கீச்சொலி காதிலேயே இருக்கிறது என்று விரலால் காதைக் குடைந்துகொண்டிருப்பாள். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு வேற ஊருக்குப் போகணும்க்கா. யாரும் விரட்டக் கூடாது. மூஞ்சியப் பாத்தா சிரிக்கணும். அப்படி ஒரு ஊர்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. என் மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

என் மனைவிக்கு இது போதாதா? அவள் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்து கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டால் போதும், எழுந்து போவதற்குள் மாமியார் சண்டை முதல் மூலவியாதி வரை கொட்டிவிடுவார். அவள் ராசி அப்படி. தங்கைக்கு ஊர் பார்க்கும் பொறுப்பை மாப்பிள்ளை பார்ப்பதுபோலத் தலையில் போட்டுக்கொண்டாள். விடுமுறை வந்தால் அக்காவும் தங்கையும் பையைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் சமைத்ததை என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள்.

ஒரு ஊரில் கடல் அழகாக இருந்ததாம், ஆனால் நின்றால் எதையாவது தலையில் கட்டினார்களாம். இன்னொன்றில் ஓடிவந்த கிழவரைப் பார்த்தும் பேருந்தை நிறுத்தவில்லையாம். ஒரு தடவை திரும்பி வந்தபோது மட்டும் கப்சிப்பின் முகமே வேறு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, அந்த ஊர்ல மத்தியானம் கடையெல்லாம் மூடிடுறாங்க. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியிலேயே தூங்குறார். பேக்கரிக்காரர் எங்கள உட்கார வெச்சுத் தன் காதல் கதையச் சொன்னார். வீடு காட்டின அம்மா இருக்காங்களே, சாவியக் கையில குடுத்துட்டு, நீங்களே பாத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க! ஆத்தங்கரையில பெஞ்சு போட்டிருக்கு. அதுல உட்கார்ந்திருந்தா போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பேசுறாங்க மாமா."

"யார்கிட்ட?" என்று நான் கேட்டிருக்கலாம். வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டுப் புத்தி அப்படி. பேச்சு என்றால் அது மூத்தவள் இலாகா. வீட்டில் குழாயில் தண்ணீர் வருவதுபோல அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று யார் யோசிக்கிறார்கள்?

மனைவியும் அன்று ஏதோ நினைப்பாகவே இருந்தாள். "அந்த வீட்டுல ரெண்டு அறைங்க. பின்னாடி அறையில நின்னா ஆறு தெரியுது," என்றாள். "நாமளும் போயிடலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அந்த ஊரில் உயரமான கட்டடமே மாடி வைத்த தபால் நிலையம்தான். "அங்க எனக்கு என்ன வேலை? ஆளத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறவா?" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கப்சிப் போய்ச் சேர்ந்தாள். தூங்குகிற கண்ணாடிக் கடைக்காரரிடமே வேலை. யாரும் விரட்டவில்லை. அதில் குறை இல்லை. ஆனால் பேக்கரிக்குப் போனால் அவர் ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, இவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா வரலையா?" என்பார். இல்லை என்று தலையாட்டுவாள். அத்தோடு சரி. வீட்டுக்கார அம்மாளும் அதையேதான் கேட்டார். ஆற்றங்கரை பெஞ்சில் இவள் தனியாக உட்கார்ந்திருந்தால், போகிறவர்கள் ஒரு புன்னகையோடு போய்விட்டார்கள். பேச விருப்பமில்லாத பெண் போலிருக்கிறது என்று மரியாதையாக விலகிப்போகிற ஊர் அது. நல்ல ஊரில் தனியாக இருப்பதுபோலக் கொடுமை வேறில்லை; திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது.

தினமும் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு அழுதாள். "எல்லாரும் உன்னத்தான்க்கா தேடுறாங்க. நானும்தான்."

என் மனைவி போனிலேயே பாடம் எடுத்தாள். "வாயத் தொறந்து எதையாவது விசாரிடி. முட்டி வலி எப்படி இருக்குன்னு கேளு. அன்னிக்கு அரை மணி நேரம் அதத்தானே சொன்னாங்க."

மறுநாள் கப்சிப் பேக்கரிக்குப் போனாள். வரிசை நகர்ந்து தன் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டாள்: "உங்க முட்டி வலி எப்படி இருக்கு?"

"யார் முட்டி?" என்றார் பேக்கரிக்காரர்.

முட்டி வலி வீட்டுக்கார அம்மாளுக்கு. பேக்கரிக்காரர் அந்த வயதிலும் சைக்கிளில் மேடு ஏறுகிறவர். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவளுக்கு அழுகை முட்டியது, ஆனால் எப்படியோ சிரிப்பாக வெளியே வந்துவிட்டது. அவர் கல்லாவை விட்டு வெளியே வந்து, காலை மடக்கி நீட்டிக் காட்டி, "நல்லா இருக்கும்மா, நீயே பாரு," என்றார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெஞ்சுப் பக்கம் வந்த ஒருவர் நின்று, "என் முட்டியையும் கொஞ்சம் விசாரிம்மா," என்றார். இவள் விசாரித்தாளாம்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வெட்கத்தில் கப்சிப் இரண்டு நாள் கூப்பிடவே இல்லை. இந்தப் பெண் அங்கே அழுதே செத்துவிடும் என்று என் மனைவி பயந்துபோய், கடைக்கு விடுப்புச் சொல்லி, பயணச்சீட்டு எடுத்து, தங்கைக்குத் தலையணை உறைகூடப் புதிதாக வாங்கிவிட்டாள். பையை மூடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கப்சிப் முட்டிக் கதையைச் சொல்லி முடித்ததும், "நாளைக்குக் காலையில உன் வாசல்ல நிப்பேன்," என்றாள் என் மனைவி.

"வராதக்கா," என்றாள் கப்சிப்.

"என்னடி?"

"நீ வந்தா எல்லாரும் உன்கிட்டதான் பேசுவாங்க. நானும் உன் பின்னாடி வந்து நின்னுக்குவேன். உன்னப் பாக்கணும் போல அவ்வளவு இருக்கு, அதனாலதான் சொல்றேன். இப்ப வராத."

என் மனைவி பையிலிருந்து கையை எடுத்தாள். "சரிடி," என்றாள். பிறகு கட்டிலில் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு யார் யார் வந்தாங்க, சொல்லு," என்றாள். கப்சிப் சொல்ல ஆரம்பித்தாள். பெஞ்சு, ஆறு, யாரோ ஒருவரின் மருமகள், பாலத்தில் குடை பறந்துபோன கதை. என் மனைவி உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். நடுநடுவே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு நான் ஆறுதலாக, "உன் தங்கச்சிக்கு ஊர் அமைஞ்சிடுச்சு. சந்தோஷப்படு," என்றேன்.

"சந்தோஷம்தாங்க," என்றாள். "நாமளும் அங்க போயிட்டா, ஆறு தெரியுற பின்னாடி அறை ஜன்னலுக்கு என்ன துணி போடலாம்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."