மெகராஜ் டீச்சரின் வெள்ளைக் கார்

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். சட்டைப் பைக்குள் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். மூன்றுமே சாந்தி டீச்சரின் அழைப்புகள். திரும்ப அழைத்தேன்.

"சார், மெகராஜ் டீச்சர் போயிட்டாங்க. காலையில தொழுதுட்டு எந்திரிக்கும்போது நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். நான் கீழக்கரைக்குக் கெளம்பிட்டேன். நீங்க வாரீங்கள்ல?"

வருகிறேன் என்றேன். பிள்ளைகள் வணக்கம் சொல்லிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மெகராஜ் டீச்சரைத் தெரியாது. அவர் எங்கள் பள்ளியைவிட்டு மாறுதலில் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மெகராஜ் பேகம் கீழக்கரைக்காரர். இயற்பியல் ஆசிரியை. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். மகள் ஆயிஷாவின் படிப்புக்காக ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தார். அங்கிருந்து உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கு ஆரம்பத்தில் எல்லோரையும் போலப் பேருந்தில்தான் வந்தார். பிறகு ஒருநாள், ஒரு பழைய வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து இறங்கினார். குட்டையான உருவம். முன்னால் சாலை தெரிவதற்காக இருக்கையில் ஒரு தலையணை போட்டிருந்தார்.

தலைமை ஆசிரியர், "வீட்டுக்காரர் கத்துக்குடுத்தாரா?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு ஓட்டத் தெரியாது சார். அவங்க ஊருக்கு வரும்போது மதுரை ஏர்போர்ட்ல போயி நான்தான் கூட்டிட்டு வாரேன்" என்றார் டீச்சர். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த வாரமே என்னையும் கணக்கு ஆசிரியை சாந்தியையும் தம்மோடு வரச் சொல்லிவிட்டார். நாங்கள் மூவரும் ராமநாதபுரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தோம். நான் முன் இருக்கை, சாந்தி டீச்சர் பின் இருக்கை. ஐந்து ஆண்டுகள் அப்படிப் போய்வந்தோம்.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் விடாது. அது முடிந்ததும் மழை. அதுவும் ஒரு வாரத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும். இந்த இரண்டுக்கும் இடையில் காலாண்டு விடுமுறை வரும். அந்த விடுமுறையில் டீச்சர் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டார். வண்டியை மழைக்குத் தயார் செய்வார்.

முதல் வருடம் நானும் உடன் போனேன். மெக்கானிக் இருளப்பன் பட்டறை, ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பக்கவாட்டில் முடிபோல ஓடியிருந்த வெடிப்புகளை எனக்குக் காட்டினார். வைப்பரின் ரப்பரை மடக்கிப் பார்த்தார். காய்ந்த முருங்கைக்காய்த் தோல்போல விறைத்திருந்தது. பேட்டரியில் தண்ணீர் வற்றியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் ஓட்டையில் கருவேல இலைகள் அடைத்திருந்தன. அவற்றைத் தலைக்கு மாட்டும் ஊசியால் தோண்டி எடுத்தார். உப்புக்காற்றில் துருப்பிடித்த அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி பெயின்ட் அடிக்கச் சொன்னார்.

"மழைதான் இன்னும் வரலையே டீச்சர், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

"மழைக்காகன்னு சொல்றோம் சார். உண்மையில வெயில் என்ன பண்ணிவச்சிருக்குன்னுதான் பாக்குறோம். வெயில் அப்பவே எதையும் உடைக்காது. காய வச்சிட்டுப் போயிரும். பிரேக்கப் போடும்போதுதான் நமக்குத் தெரியும்."

பள்ளி திறந்ததும், கழற்றிய பழைய வைப்பர் ரப்பரை வகுப்புக்கு எடுத்துப் போய் உராய்வுப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் அதை ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்தார்களாம். அப்படிப்பட்ட ஆசிரியை அவர்.

இனி எழுதப்போவதை நான் ஏழு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் காலாண்டு விடுமுறை தொடங்கும் நேரத்தில் டீச்சரின் வாப்பாவுக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனது. மதுரையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டீச்சர் கிளம்பும் முன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியையும் ஒரு துண்டுச் சீட்டையும் என்னிடம் கொடுத்தார். முன் டயர் இரண்டு, வைப்பர், பிரேக், பேட்டரி என்று சீட்டில் வரிசையாக எழுதியிருந்தார்.

"மழைக்கு முன்னாடி இருளப்பன்கிட்ட விட்டுருங்க சார். நான் எப்ப வருவேன்னு தெரியல. உங்களத்தான் நம்பிப் போறேன்."

பட்டறைக்குப் போனேன். ஆயுத பூஜை நேரம், பட்டறையில் கால் வைக்க இடமில்லை. இருளப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இங்கன பாருங்க, டயர் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இத வச்சு மழையில ஓட்டக் கூடாது. வண்டிய விட்டுட்டுப் போங்க, மூணு நாள்ல முடிச்சிருவேன்" என்றார்.

அந்த மூன்று நாளில்தான் சாயல்குடியில் என் மைத்துனர் வீட்டில் காதுகுத்து. குடும்பத்தோடு காரில் போய் இறங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த வாரம் விடுகிறேன் என்று இருளப்பனிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். டீச்சரிடம் கேட்காமல் சாயல்குடிக்குப் போய்வந்தேன். அடுத்த வாரம் பள்ளி திறந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ வேலை. வண்டியைக் கழுவித் துடைத்து டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

மதுரையிலிருந்து ஒருநாள் பேசினார். "வண்டி வேலை முடிஞ்சுதா சார்?"

"எல்லாம் பாத்தாச்சு டீச்சர். நீங்க வாப்பாவக் கவனிங்க" என்றேன்.

சாயல்குடிக்குக் கொண்டுபோனதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற வெட்கம்தான் அந்தப் பொய்க்குக் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வாப்பா பிழைக்கவில்லை. டீச்சர் பள்ளிக்குத் திரும்பிய அன்று ஐப்பசி மழை விடியற்காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. குடையோடு ஓடி வந்து ஏறினோம். சோர்ந்திருந்தார், கண்கள் வீங்கியிருந்தன. அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் கிளப்பியதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் சொன்னதை நம்பியிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் வைப்பர் கண்ணாடியில் கிறீச்சென்று இழுத்தது. தண்ணீர் துடைபடாமல் திட்டுத்திட்டாக நின்றது.

"என்ன சார், புது ரப்பர் இப்புடி இழுக்குது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தியிருப்பார். நாங்கள் பேருந்தில் போயிருப்போம். "புதுசுல அப்படித்தான் இருக்கும் டீச்சர்" என்றேன்.

உச்சிப்புளிக்கு முன்னால் சாலையை ஆடுகள் கடந்தன. டீச்சர் பிரேக்கை மிதித்தார். வலப்பக்க முன் டயர் வெடித்தது. வண்டி வலப்பக்கம், எதிரே வந்த பேருந்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. டீச்சர் கத்தவில்லை. முழு உடம்பையும் கொடுத்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். பேருந்து எங்களை உரசாமல் போனது. எங்கள் வண்டி சாலையைவிட்டு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பனைமரத்தில் மோதி நின்றது.

சாந்தி டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. மெகராஜ் டீச்சருக்கு வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். உடனிருந்த உறவுக்காரப் பெண்ணைத் தேநீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். டயர் மாத்துனீங்களா?"

"இல்ல டீச்சர்."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாந்திக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். என் வாயால அது வரக் கூடாது, உங்க வாயாலதான் வரணும்."

நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. அதற்குள் பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. வாப்பா போன துக்கத்தில் டீச்சர் கவனமில்லாமல் ஓட்டிவிட்டார் என்றார்கள். பெண்கள் ஓட்டினால் இப்படித்தான் என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் சொன்னார். நானும் அந்த அறையில்தான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த இரண்டு இளம் ஆசிரியைகள் அதோடு விட்டுவிட்டார்கள். டீச்சர் இவற்றையெல்லாம் கேட்டார். எதற்கும் பதில் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு பள்ளிக்கு வந்தார். முழங்கால் மடங்காது. கார் ஓட்டுவது அதோடு போயிற்று. பேருந்தில் படியேறும்போது நடத்துநர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்; காலை நீட்டி உட்கார இடம் இல்லாத நாட்களில் நின்றுகொண்டே வருவார். என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. தேர்வு அட்டவணை, பாடவேளை மாற்றம் என்று வேலை தொடர்பானதெல்லாம் பேசினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து நான் ஒரு பழைய கார் வாங்கினேன். புரட்டாசியில் ஒருநாள் பள்ளி விட்டதும் டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி என் வண்டியருகே வந்தார். குனிய முடியாமல் ஒரு கையால் வண்டியைப் பிடித்துச் சரிந்து, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பின்னாடி ரெண்டையும் மாத்துங்க சார். வீட்டுல பிள்ளைங்க ஏறுற வண்டி."

"வாங்க டீச்சர், வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றேன்.

"பஸ் வருது சார்" என்று நடக்கத் தொடங்கினார். மறுநாள் காலை டயர்களை மாற்றினேன். அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

பிறகு கீழக்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். பிரிவு உபசார விழாவில் வாழ்த்துரை வாசித்தவன் நான்தான். நான்கு பக்கம் வாசித்தேன். சொல்லியிருக்க வேண்டியது அந்த நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. டீச்சர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று கீழக்கரையில் காற்றே இல்லை. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். நாங்கள் தெருவில் பந்தலுக்குக் கீழ் நின்றோம். கணவருக்கு அன்றைக்கு விமானம் கிடைக்கவில்லை. தோளில் சுமந்து பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள். தொழுகை முடிந்து மையவாடி வரைக்கும் பின்னால் நடந்தேன். எல்லோரும் மண் போட்டார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்களும் போடுங்க தம்பி, கூட வேலை பாத்தவுகதானே" என்றார். போட்டேன்.

திரும்பி வந்ததும் சாந்தி டீச்சரைத் தெருமுனைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். சீட்டு, சாயல்குடி, டயர், வைப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம் மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டார்.

"அவங்க ஓட்டுற வண்டியில ஏறுனதே தப்புன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா சார்? அவங்க காதுக்கே அது போச்சு. ஒருநாளும் அவங்க வாயத் தெறக்கல. இப்ப வந்து சொல்றீங்க. நான் யார்கிட்ட போயி மன்னிப்புக் கேக்குறது?"

என் காரில் ஏற மறுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். கணவர் வந்து சேர்ந்திருந்தார். தாடி முழுவதும் நரைத்திருந்தது. அவரையும் ஆயிஷாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் அவளத் திட்டுனேன் சார். ஆஸ்பத்திரியில கால ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கும்போது போன்லயே திட்டுனேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டேன். அப்பக்கூட அவ சொல்லலையே" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆயிஷாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கார் ஓட்டப் பழக வேண்டும் என்று அவர் கேட்டபோதெல்லாம், உன் உம்மாவைப் பார்த்தாயல்லவா என்று வீட்டில் மறுத்திருக்கிறார்கள். அவர் அழவில்லை. வாசல்வரை என்னோடு வந்தார்.

"எங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதாது சார். உங்க ஸ்கூல்ல எல்லாரும் உம்மாவத்தான் சொன்னாங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க."

அதனால்தான் ஆசிரியர் மலர் இதழுக்கு இந்தக் கட்டுரையை என் பெயரோடு கொடுத்திருக்கிறேன். நம்மோடு வேலை பார்த்த மெகராஜ் பேகம் வண்டியை மிக நன்றாக ஓட்டுவார். அன்றைக்கு அவர் கையில் ஸ்டியரிங் இல்லாமல் வேறு யார் கையில் இருந்திருந்தாலும் நாங்கள் மூவருமே பேருந்தில் மோதி இறந்திருப்போம்.

டீச்சர், உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் காலத்தை நான் கடத்திவிட்டேன். மண் போட்ட அன்று மையவாடியில் எல்லோரும் கலைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் மேலிருந்த புதுமண்ணில் முதல் தூறல் விழுந்தது. ஈரமாவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். அமைதியாக உறங்குங்கள்.